சிறுநீரக இழையத்தைப் பார்க்க எந்தக் கருவி, எந்தக் கணக்கு?

போன மாதம் கிளிநொச்சியில் இறுதியாண்டு படிக்கிற ஒரு தங்கச்சி குரல்பதிவு அனுப்பியிருந்தாள். "அக்கா, சிறுநீரக இழையத்தில மூலக்கூறு மட்டத்தில என்ன மாறுது எண்டு பாக்க ஆசை. எப்.ரி.ஐ.ஆர். எடுக்கிறதோ, ராமன் எடுக்கிறதோ? கணக்குப் பக்கம் ஏ.ஐ. போடுறதோ, மூலக்கூறை அசைச்சுப் பாக்கிற மொடலிங் செய்யிறதோ? சேர் எதெண்டாலும் சரி எண்டுறார்." ஒரு நிமிடத்துக்குள் இவ்வளவு கேள்வி. (எப்.ரி.ஐ.ஆர்., ராமன் இரண்டும் இழையத்தில் ஒளியை விட்டு, மூலக்கூறுகளின் அதிர்வை நிறமாலையாக, அதாவது உச்சிகள் உள்ள ஒரு கோட்டுப்படமாக எடுக்கிற முறைகள்.) பதில் சொல்லத் தொடங்கி மூன்று குரல்பதிவு தாண்டியும் பாதிகூட முடியவில்லை, அதனால் எழுதியே வைக்கிறேன், இதே குழப்பத்தோடு வேறு பிள்ளைகளும் இருப்பீர்கள்.

அவள் சிறுநீரகத்தைத் தெரிந்தெடுத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் அநுராதபுர மாவட்டத்தின் மதவாச்சி, பதவியா பக்கம்தான் முதலில் கவனத்துக்கு வந்தது, அங்கிருந்து வவுனியா எவ்வளவு தூரம்? என் பெரியப்பா செட்டிக்குளத்தில் வயல் செய்தவர். சீனி இல்லை, பிரஷர் இல்லை, கால் வீங்கத் தொடங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது சிறுநீரகம் முக்கால்வாசி போய்விட்டது. பிறகு இரண்டு வருடம் கிழமைக்கு இரண்டு நாள் டயலிசிஸ். கடினமான கிணற்றுத் தண்ணீரா, புளோரைட்டா, வயல் மருந்தா, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்ததா, எல்லாம் சேர்ந்தா என்று இன்றுவரை ஒரு முடிவான பதில் இல்லை. ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீர் எடுக்கக் கானோடு வரிசையில் நிற்கிற ஊரில் வளர்ந்த பிள்ளை இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பாள்.

சரி, விடயத்துக்கு வருகிறேன். இந்த நோயில் முதலில் அடிபடுவது வடிகட்டுகிற கலன்கோளம் அல்ல. சிறுகுழாய்களும் அவற்றுக்கு இடையில் உள்ள இழையமும்தான். குழாய்கள் சுருங்குகின்றன, இடைவெளியில் கொலாஜன் நிரம்பித் தழும்பாகிறது. தழும்பு வந்தபின் அதை நுணுக்குக்காட்டியில் எவரும் பார்க்கலாம். தழும்பு வருவதற்கு முன்னால் புரதங்களுக்கும் கொழுப்புக்கும் என்ன நடக்கிறது என்பதுதான் நாம் தேடுவது.

ஆகவே முதல் தெரிவு, யாரும் தெரிவென்றே கணக்கில் எடுக்காத ஒன்று: நிறமாலையே எடுக்காமல் சாயம் போடுவது. மேசன் டிரைக்குரோம் போட்டால் கொலாஜன் நீலமாகவோ பச்சையாகவோ தெரியும், பிக்ரோசீரியஸ் சிவப்புப் போட்டு முனைவாக்கிய ஒளியில் பார்த்தால் நார்கள் பளிச்சென்று எழும். விலை குறைவு, நோயியல் வைத்தியர்களுக்குப் பழகிய பாஷை. உங்கள் கேள்வி "எவ்வளவு தழும்பு?" என்பது மட்டும்தான் என்றால் இதோடு நிறுத்துங்கள். லேசரும் வேண்டாம், கணினியும் வேண்டாம். "தழும்பின் கொலாஜன் சாதாரணக் கொலாஜனைப்போல்தான் இருக்கிறதா? பக்கத்தில் நல்லதாகத் தெரிகிற குழாயில் ஏதாவது தொடங்கிவிட்டதா?" என்று கேட்டால்தான் நிறமாலைக்கு வேலை.

இனி, கருவியைப் பற்றிப் பேசுமுன் ஒன்றைக் கேட்கிறேன். கையில் கிடைக்கப்போகிற இழையம் எந்த நிலையில் இருக்கும்? இதை நான் ஆரம்பத்தில் யாரிடமும் கேட்கவில்லை, அதனால் கிட்டத்தட்ட ஒரு வருடம் போனது. கருவியைத் தெரிந்தெடுத்து, கையேடு முழுக்க வாசித்து, பிறகுதான் எனக்குத் தரக்கூடியது பயொப்சி செய்து போமலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டு, பரபின் மெழுகில் புதைத்த பழைய கட்டிகள் மட்டுமே என்று தெரிந்தது. நான் திட்டமிட்டிருந்ததோ உறையவைத்த புதிய இழையத்துக்கு. சிறுநீரகப் பயொப்சி என்பது ஊசியால் எடுக்கிற, ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் நீளமும் உள்ள ஒரு நூல். அதில் நோயாளிக்குத் தேவையான பரிசோதனை எல்லாம் முடிந்து மிஞ்சுவதுதான் ஆய்வுக்கு வரும். ஆகவே நம் நிலைமையில் பெரும்பாலும் மெழுகுக் கட்டிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள். மருத்துவ பீடத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தையும் கருவி பார்க்கிற அன்றே தொடங்கிவிடுங்கள்.

எப்.ரி.ஐ.ஆர். என்ன செய்கிறது என்பது உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு விளங்கும். செங்கீழ்க் கதிரை இழையத்தின் ஊடாக விட்டால் ஒவ்வொரு பிணைப்பும் தன் அதிர்வுக்கு ஏற்ற அலையெண்ணை உறிஞ்சிக்கொள்ளும். அலையெண் என்றால் ஒரு சென்ரிமீற்றருக்குள் எத்தனை அலை என்ற கணக்கு. 1650 அளவில் புரதத்தின் அமைட் I என்ற பட்டை, 1550 அளவில் அமைட் II பட்டை, 2850இலும் 2920இலும் கொழுப்பின் சங்கிலிகள், 1080 பக்கம் பொசுப்பேற்று. கொலாஜனுக்கென்று 1204, 1240, 1284, 1338 ஆகிய இடங்களில் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது, நம் வேலைக்கு அதுதான் கைகாட்டி. குவியத்தள உணரி பூட்டிய நுணுக்குக்காட்டி என்றால் 64க்கு 64, அதாவது 4096 நிறமாலையை ஒரே தடவையில் சில நிமிடங்களில் எடுத்துவிடும். ஒரு படப்புள்ளி 5.5 மைக்ரோமீற்றர் என்றால் ஒரு படச்சட்டம் சுமார் 350 மைக்ரோமீற்றர் அகலம், ஒரு கலன்கோளமும் சுற்றியுள்ள சில குழாய்களும் அதற்குள் அடங்கிவிடும். இந்த வேகத்துக்காகவே நான் எப்.ரி.ஐ.ஆர். பக்கம் சாய்கிறேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அதன் குறைகள் சின்னதல்ல. 1650 என்ற அலையெண் ஆறு மைக்ரோமீற்றர் அலைநீளம், ஆகவே அதைவிட நுணுக்கமாக எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. குழாயைச் சுற்றியுள்ள அடித்தள மென்சவ்வு ஒரு மைக்ரோமீற்றரும் இல்லை, அது தடித்துப்போயிருக்கிறதா என்று இந்தக் கருவியிடம் கேட்க வேண்டாம். சாதாரணக் கண்ணாடித் தகடு 2000இற்குக் கீழே இருட்டு, நமக்கு வேண்டியதில் பெரும்பகுதி அந்த இருட்டுக்குள்தான் இருக்கிறது. கல்சியம் புளோரைட்டுத் தகடு வேண்டும், விலை கூட, கழுவித் திரும்பப் பாவிக்கலாம். மலிவென்று கதிரைத் தெறிக்கவைக்கிற பூச்சுத் தகடுகளைச் சிலர் சொல்வார்கள். அவற்றில் போகிற அலையும் திரும்புகிற அலையும் ஒன்றோடொன்று சேர்ந்து, வெட்டின் தடிப்பைப் பொறுத்து நிறமாலையின் வடிவத்தையே மாற்றிவிடும், நோயால் வந்த மாற்றம் எது, தடிப்பால் வந்தது எது என்று பிறகு பிரிப்பது பெரும் பாடு. ஊடுகடத்தும் முறையிலேயே எடுங்கள்.

மெழுகைப் பற்றியும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். சைலீன் என்ற கரைப்பானில் கழுவி மெழுகை எடுத்தால் நிறமாலை துப்புரவாக இருக்கும், ஆனால் இழையத்தின் கொழுப்பிலும் ஒரு பகுதி அதோடு போய்விடும். மெழுகோடு எடுத்தால் 1462 பக்கமும் 2850 முதல் 2920 வரையும் மெழுகின் உச்சிகளே நிற்கும், கொழுப்பைப் பற்றிப் பேசவே முடியாது. அப்படியிருந்தும் நான் மெழுகோடு எடுக்கத்தான் சொல்வேன். கலங்களுக்கும் வெளிக்கும் இடையில் உள்ள முறிவுச்சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) வித்தியாசத்தை மெழுகு நிரப்பிவிடுவதால் ஒளி சிதறி அடிக்கோடு வளைகிற தொல்லை நன்றாகக் குறைகிறது, கொலாஜன் கூட்டத்தில் 1204, 1240, 1284 மூன்றும் மெழுகுக்கு அகப்படாமல் தப்பி நிற்கின்றன. கொழுப்பு வேண்டும் என்றால் உறைந்த இழையம் தேடுங்கள், மெழுகுக் கட்டியில் கொழுப்பைத் தேடுவது வீண்.

எப்.ரி.ஐ.ஆர். குடும்பத்தில் எளிமையான ஒன்று ஏ.ரி.ஆர். ஒரு வைரக் கல்லின்மேல் இழையத்தை அழுத்தி வைக்க, கதிர் ஒன்று இரண்டு மைக்ரோமீற்றர் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துத் திரும்பும். படம் கிடையாது, தொட்ட இடத்தின் சராசரி மட்டும். தகடு வேண்டாம், நுணுக்குக்காட்டி வேண்டாம், இரசாயனவியல் துறைகளில் இருக்கிற சாதாரண மேசைக் கருவியே போதும். இதைக் குறைத்து எண்ண வேண்டாம், பின்னால் இதற்கே திரும்பி வருகிறேன்.

ராமனுக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கண்டு 1928 பெப்ரவரி 28இல் உறுதிசெய்த விளைவு, 1930இல் நோபல். முதலில் வெயிலைக் குவித்தே செய்தார்கள். ஒரே நிறமுள்ள ஒளியை விட்டால் சிதறி வருகிறதில் மிகச் சொற்பம் நிறம் மாறி வரும், அந்த மாற்றத்தில் மூலக்கூறின் அதிர்வு எழுதியிருக்கும். சொற்பம் என்றால், கோடி போட்டன் போனால் ஒன்றிரண்டு என்கிற அளவு. தண்ணீர் ராமனில் அவ்வளவாகத் தெரியாது என்பதால் ஈரமான புதிய இழையத்தையும் பார்க்கலாம், எப்.ரி.ஐ.ஆரில் தண்ணீரின் 1640 அமைட் I மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். நுணுக்கம் ஒரு மைக்ரோமீற்றருக்குக் கீழேயும் வரும், ஆகவே மேலே சொன்ன அந்த மென்சவ்வைக் கேட்க வேண்டுமென்றால் ராமனிடம்தான் போக வேண்டும். பினைல்அலனீனுக்கு 1004, கொலாஜனின் புரோலினுக்கும் ஐதரொக்சிப்புரோலினுக்கும் 855 முதல் 940 வரை என்று கூரான உச்சிகள். வாசிக்கச் சுகம், எனக்கு இப்போதும் ராமன் நிறமாலை பார்க்க ஆசைதான்.

ஆனால் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100க்கு 100 புள்ளி, ஒவ்வொன்றுக்கும் ஒரு செக்கன் என்றால் 10,000 செக்கன், இரண்டே முக்கால் மணித்தியாலம். சிறுநீரக இழையத்தில் ஒரு செக்கன் போதாது, பத்துச் செக்கன் வைத்தால் ஒரு பகலும் ஒரு இரவும் தாண்டும், ஒரு மைக்ரோமீற்றர் இடைவெளியில் எடுத்தால் அத்தனை நேரத்துக்கும் நீங்கள் பார்த்தது ஒரு கலன்கோளத்தின் கால்வாசிதான். நடுவில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து. அப்புறம் ஒளிர்வு: சிறுநீரகக் கலங்களில் வயதோடு சேர்கிற நிறப்பொருளும் மிச்ச இரத்தமும் லேசர் பட்டதும் தாங்களே ஒளிர்ந்து, அந்தச் சொற்ப ராமன் ஒளியை மூழ்கடித்துவிடும். 532 நானோமீற்றர் லேசரை விட்டு 785க்கு மாறினால் ஒளிர்வு குறையும், ஆனால் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் என்பதால் கிடைக்கிற ஒளியும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட இறங்கும். போமலின் மெழுகுக் கட்டியில் மெழுகின் கூரான உச்சிகள் 1063, 1130, 1296, 1441 என்று வந்து நிற்கும், எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போகாது.

ஒரு கேள்விக்கு மட்டும் ராமன்தான் நமக்கு வசதியான கருவி. குழாய்க்குள் அடைபட்டிருக்கிற நுண்பளிங்குகள் எவை என்பது. கல்சியம் ஒட்சலேற்று ஒருநீரேற்று 1463இலும் 1490இலும் இரட்டை உச்சி காட்டும், இருநீரேற்று 1476 பக்கம் ஒற்றையாக நிற்கும், ஐதரொக்சி அபற்றைற்று 960இல் ஊசிபோல எழும்பும். கண்ணுக்குப் பளிங்கு தெரிந்தால் அந்தப் புள்ளியில் மட்டும் லேசரை வைத்து ஒரு நிமிடத்தில் பெயர் சொல்லிவிடலாம். தண்ணீர்க் கடினம் பற்றி இவ்வளவு பேசுகிற நம் ஊருக்கு இது சின்னக் கேள்வி அல்ல. முழு இழையத்தையும் ராமனால் படம் எடுக்கப் போகாதீர்கள், இப்படிப் புள்ளி புள்ளியாகக் கேளுங்கள்.

லேசரால் மூலக்கூறுகளைக் கிளப்பி அவற்றின் திணிவை அளக்கிற மால்டி திணிவு நிறமாலையும் ஒரு தெரிவுதான், எந்தக் கொழுப்பு, எந்தப் புரதத் துண்டு என்று பெயரே சொல்லும், வேறெதுவும் அந்த அளவுக்குச் சொல்லாது. ஆனால் விலையும் வெற்றிடமும் பராமரிப்பும் நம் கைக்கு எட்டாது, இழையத்தை லேசர் தின்றும்விடும். வேறொரு ஆய்வுகூடத்தோடு சேர்ந்து வேலை செய்ய வாய்ப்பு வந்தால் பாருங்கள். ஊடுகதிர் (எக்ஸ் கதிர்) ஒளிர்வு உலோகங்கள் போன்ற மூலகங்களை மட்டும் காட்டும், சிறுநீரகக் கேள்வியில் அது ஒரு பக்கம்தான், ஆனால் 2009இல் யுத்தம் முடிந்த பிறகும் உடம்பில் ஷெல்லின் உலோகத் துண்டுகளோடு வாழ்கிற எத்தனை பேர் நம்மோடு இருக்கிறார்கள், அந்த உலோகத்தைச் சுற்றியிருக்கிற இழையத்துக்கு இத்தனை வருடத்தில் என்ன நடந்திருக்கிறது என்பதை யாராவது ஒரு பிள்ளை ஒரு நாள் அதை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் நினைப்பு.

இடத்தைப் பற்றியும் கொஞ்சம். வன்னி வெயிலைவிடக் கருவிக்குப் பயம் மாரி. எப்.ரி.ஐ.ஆருக்குள் இருக்கிற பொட்டாசியம் புரோமைட்டுக் கதிர்பிரிப்பான் ஈரம் பட்டால் மங்கிப்போகும், சிலிக்கா ஜெல் நிறம் மாறிவிட்டதா என்று கார்த்திகை மார்கழியில் அடிக்கடி பாருங்கள். படமெடுக்கிற உணரிக்குத் திரவ நைதரசன் வேண்டும். அது கிடைக்காது என்று பலர் கைவிடுவார்கள், ஆனால் மாடுகளுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கான விந்துக் குழாய்கள் திரவ நைதரசனில்தான் வைக்கப்படுகின்றன, ஆகவே கால்நடை வைத்தியப் பக்கம் கேட்டுப் பார்த்தால் வழி பிறக்கலாம். ஏ.ரி.ஆர். பூட்டிய சாதாரண மேசைக் கருவியின் உணரி அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும், அதற்கு இந்தப் பாடு இல்லை. எந்தக் கருவியானாலும் ஒவ்வொரு நாளும் முதல் அளவீடு தெரிந்த ஒன்றாக இருக்கட்டும், எப்.ரி.ஐ.ஆருக்குப் பொலிஸ்ரைரீன் படலத்தின் 1601, ராமனுக்குச் சிலிக்கனின் 520.

இப்போது கணக்கு. இங்கேதான் பிள்ளைகள் அதிகமாக வழி தவறுகிறார்கள், நானும் தவறியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். மொடலிங் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, எடுத்த நிறமாலைகளுக்குள் நோயுள்ளதையும் இல்லாததையும் பிரிக்கிற வடிவத்தைத் தேடுவது, அது புள்ளிவிவரம். மற்றது, ஒரு மூலக்கூறு இப்படி மாறினால் அது எப்படி அதிரும், எப்படி அசையும் என்று பௌதிக விதிகளிலிருந்து கணிப்பது. முதலாவதுக்கு இழையம் வேண்டும், இரண்டாவதுக்குக் கேள்வி வேண்டும். ஒன்று மற்றதன் இடத்தை நிரப்பாது.

புள்ளிவிவரத்தில் தொடக்கம் முதன்மைக் கூறு பகுப்பாய்வு, பி.சி.ஏ. ஆயிரம் அலையெண்களில் விரிந்து கிடக்கிறதை நாலைந்து அச்சுக்குள் மடித்துத் தரும், எந்த அலையெண்கள் அந்த அச்சை இழுக்கின்றன என்றும் காட்டும், ஆகவே என்ன மாறியது என்று இரசாயனமாகப் பேச முடிகிறது. அதன்மேல் ஒரு எளிய நேர்கோட்டு வகைப்படுத்தல் போதும். நிரல் எழுத வராதவர்கள் ஒரேஞ் என்ற இலவச மென்பொருளில் பெட்டிகளை இழுத்துப் பூட்டியே இதைச் செய்யலாம், நிறமாலைக்கென்று அதில் தனிப் பகுதி இருக்கிறது. எழுத வருகிறவர்களுக்கு பைத்தன்.

ஆழ்கற்றல், நரம்பு வலையமைப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நோயாளிகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் செய்யுங்கள். இருபது பேரின் மெழுகுக் கட்டி வைத்துக்கொண்டு செய்ய வேண்டாம். "எண்பதாயிரம் நிறமாலை இருக்குத்தானே?" என்று அந்தத் தங்கச்சி கேட்டாள். இருபது பேர், ஒருவருக்கு ஒரு படச்சட்டம், 4096 புள்ளி, பெருக்கினால் எண்பதாயிரம் தாண்டும், உண்மைதான். ஆனால் ஒரே வயலில் ஆயிரம் கதிர் பிடுங்கி எண்ணிவிட்டு இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள வயல் முழுவதற்கும் விளைச்சல் சொல்ல முடியாது. உங்களிடம் இருப்பது எண்பதாயிரம் அல்ல, இருபது.

என் முதல் மொடல் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகப் பிரித்தது. அன்றிரவு நித்திரையே வரவில்லை. பிறகு ஒரு மூத்த ஆய்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பயிற்சிக்கும் சோதனைக்கும் எப்படிப் பிரித்தாய்? நான் எல்லா நிறமாலைகளையும் கலந்துவிட்டுப் பிரித்திருந்தேன். ஒரே நோயாளியின் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் விழுந்திருந்தது, மொடல் நோயைப் படிக்கவில்லை, ஆட்களை அடையாளம் வைத்திருக்கிறது. நோயாளி ஒருவரை முழுதாக வெளியே வைத்து, மற்றவர்களில் பயிற்றி, அவரில் சோதித்து, இப்படி ஒவ்வொருவருக்கும் திரும்பச் செய்தபோது மொடல் காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேலாக இருந்தது. அதைவிட மோசம், நோயுள்ள மெழுகுக் கட்டிகள் ஒரு இடத்திலிருந்தும் ஒப்பிடும் மெழுகுக் கட்டிகள் வேறு இடத்திலிருந்தும் வந்திருந்தன. ஒரு இடத்தில் போமலினில் ஒரு நாள், மற்ற இடத்தில் மூன்று நாள் ஊறியிருந்தால், போமலின் புரதங்களைக் குறுக்கே பிணைக்கிற அளவு வேறுபடும், அமைட் பட்டையும் அதோடு கொஞ்சம் மாறும். எஞ்சியிருந்த அந்தக் கொஞ்ச வித்தியாசம்கூட நோயா போமலினா என்று சொல்ல என்னிடம் வழி இல்லை. ஆகவே ஒப்பீட்டுக்கு, புற்றுக்காக வெட்டியெடுத்த சிறுநீரகத்தில் புற்றிலிருந்து தள்ளியிருக்கிற நல்ல பகுதியை, அதே ஆய்வுகூடம் பதம் செய்த மெழுகுக் கட்டியாகத் தேடுங்கள், வயதையும் பாருங்கள்.

மற்ற வழி, பௌதிகம். இதற்கு ஒரு நல்ல உதாரணம் நம் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் யூரியா ஏறும். யூரியாவில் ஒரு சிறு பங்கு எப்போதும் சயனேற்றாக மாறிக்கொண்டிருக்கும், அது புரதங்களில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்து ஹோமோசிற்றுலீனாக மாற்றிவிடும். இதன் பெயர் காபமைலேற்றம். நேரேற்றத்தோடு நின்ற லைசின் ஏற்றத்தை இழக்கிறது, கொலாஜனின் மூவிழைச் சுருளை அயலோடு பிடித்து வைத்திருந்த ஏற்றப் பிணைப்பு ஒன்று அவிழ்கிறது. கொலாஜன் போல வாழ்நாள் முழுக்கக் கிடக்கிற புரதத்தில் இது சேர்ந்துகொண்டே போகும். சுருளின் ஒரு துண்டைக் கணினியில் கட்டி, சில லைசின்களை மட்டும் மாற்றி, தண்ணீருக்குள் அசையவிட்டுப் பார்க்கலாம். அதற்கான குரோமாக்ஸ் மென்பொருள் இலவசம். ஆனால் ஒவ்வொரு அடியும் 2 பெம்ரோசெக்கன், ஒரு மைக்ரோசெக்கன் பார்க்க 50 கோடி அடி வேண்டும், மடிக்கணினியில் நடக்காது, நல்ல வரைகலை அட்டை வேண்டும். சின்னத் துண்டு, சில நூறு நானோசெக்கன் என்று கேள்வியைக் குறுக்கினால் இறுதியாண்டு வேலைக்கு அடங்கும். 300 நானோமீற்றர் நீளமான முழுக் கொலாஜனையோ தழும்பையோ கட்டப் போகாதீர்கள்.

அதிர்வெண் கணிக்கிற குவாண்டம் கணக்கு இதைவிடச் சின்னது, ஆனால் பயன் பெரிது. மாறிய லைசினின் பக்கச் சங்கிலியை மட்டும் எடுத்து ஓர்கா என்ற மென்பொருளில் கணக்குப் போட்டால் அதன் அதிர்வுகள் எங்கே விழும் என்று வரும். வருகிற எண் உண்மையைவிட நாலைந்து வீதம் கூடத்தான் இருக்கும், வழக்கமான முறைக்கு 0.96 அளவான ஒரு எண்ணால் பெருக்கித் திருத்துவார்கள். அப்படிப் பார்த்தால் லைசினில் புதிதாக ஒட்டிய அணுக்கூட்டத்தின் காபனைல் அதிர்வு 1650 பக்கம், அமைட் I இன் நிழலுக்குள்ளேயே போய் விழுகிறது. புரதம் முழுக்க எழுப்புகிற பெரிய மலைக்குள் ஒரு சிறு மேடு. அதாவது காபமைலேற்றத்தை நேராக எப்.ரி.ஐ.ஆரில் காட்டுவேன் என்று திட்டம் எழுதியிருந்தால், ஒரு கிழமைக் கணக்கு உங்களை ஒரு வருட ஏமாற்றத்திலிருந்து காப்பாற்றியிருக்கும்.

ஆகவே என் தெரிவு இது. மெழுகுக் கட்டிகள் கிடைக்கும், இருபது பேர் அளவில்தான் கிடைக்கும் என்றால், மெழுகோடு கல்சியம் புளோரைட்டில் எப்.ரி.ஐ.ஆர். படம், பக்கத்து வெட்டில் பிக்ரோசீரியஸ் சிவப்பு, கணக்குக்கு பி.சி.ஏ.யும் நோயாளி நோயாளியாக வெளியே வைத்த சோதனையும். பளிங்கு தெரிந்தால் மட்டும் ராமனுக்கு ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். நெறிமுறை அனுமதி தாமதமாகும், மனித இழையம் இந்த வருடம் வராது என்றால் முழு வருடத்தையும் காத்திருப்பில் விடாமல் காபமைலேற்றக் கணக்கைப் பிரதான வேலையாக்குங்கள், அது தனியாகவே நிற்கக்கூடிய ஆய்வு. ராமன் படமும் ஆழ்கற்றலும் சேர்ந்த திட்டம்தான் காகிதத்தில் வடிவாக இருக்கும், புலமைப்பரிசில் விண்ணப்பத்தில் எடுபடும், தெரியும். இறுதியாண்டுப் பிள்ளை ஒருத்திக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதற்கும் முன்னால் ஒரு ஒத்திகை பாருங்கள், ஏ.ரி.ஆருக்குத் திரும்பி வருவேன் என்றது இதற்குத்தான். ஆட்டுச் சிறுநீரகம். வெளிப்பக்கம் மேற்பட்டை, உட்பக்கம் மையவிழையம், இரண்டும் வேலையிலும் இரசாயனத்திலும் வேறு. ஒவ்வொன்றிலும் சிறு துண்டு எடுத்து, மெல்லிய படலமாக வைரக் கல்லில் பரப்பி, தண்ணீரின் பட்டை மேலும் குறையாமல் நிற்கும்வரை விசிறிக் காற்றில் காயவிட்டு நிறமாலை எடுங்கள். ஆறேழு ஆடு போதும். ஒரு ஆட்டை வெளியே வைத்து மற்றவற்றில் பயிற்றி, மேற்பட்டையையும் மையவிழையத்தையும் உங்கள் கணக்கு பிரிக்கிறதா என்று பாருங்கள். கண்ணாலேயே தெரிகிற இந்த வித்தியாசத்தைப் பிரிக்காத கணக்கு, கண்ணுக்குத் தெரியாத நோயைப் பிரிக்கப்போவதில்லை. பிரித்தால் எந்த அலையெண்கள் பிரித்தன என்று எழுதி வையுங்கள், மனித இழையம் வரும்போது அந்தத் தாள் உதவும்.

தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இறைச்சிக்கடைக்குப் போகிறேன் என்றிருக்கிறாள். சிறுநீரகத்தை நறுக்காமல் முழுதாகத் தரச் சொல்லிக் கேட்கவும், ஐஸ்பெட்டி கொண்டுபோகவும், ஒவ்வொரு ஆட்டுக்கும் தனிப்பை போட்டு நேரத்தை மேலே எழுதவும் சொல்லியிருக்கிறேன்.